அழை வாயாடி

மீட்டர்காரர் எழுதிய புரோகிராமின் முதல் வரி மிகச் சின்னது: ‘அழை வாயாடி’. அந்த ஒரு வரியைப் பற்றித்தான் அறிஞர்கள் பலர் கூடி உட்கார்ந்து, தேநீர் குடித்து, கோபித்துக்கொண்டு வெளிநடப்புச் செய்து, சமாதானமாகித் திரும்பிவந்து, மறுபடியும் தேநீர் குடித்து முடிவெடுத்தார்கள். நடுவில் ஒரு பெண் செத்துப்போனாள். அந்த அறிஞர்களின் பேரவை வெளியிட்ட ஆண்டறிக்கையில் தேடினால் அது கிடைக்காது. தேநீர்கூடக் கிடைக்கும், அவள் கிடைக்கமாட்டாள். அதனால் இங்கே சொல்லவேண்டியிருக்கிறது.

மின்சார மீட்டர்களின் ரீடிங்கைக் கணக்குப் போடும் புரோகிராம்களை எழுதுவது அவருடைய வேலை. அலுவலகத்தில் மீட்டர்காரர் என்றால் எல்லோருக்கும் தெரியும். கேட்டதற்குப் பதில் சொல்வார், அதற்கு மேல் ஒரு சொல் கேட்டால் கொஞ்சம் யோசிப்பார். வீட்டில் அவருக்கும் சேர்த்து மனைவி பேசிவிடுவாள். வாயாடி என்பது கல்யாணமான புதிதில் அவர் வைத்த பெயர். அவளும் அதைப் பட்டம்போல வைத்துக்கொண்டாள்.

அவளுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்தால்தான் ஆள் பிழைக்கும் என்றார் டாக்டர். அறுவைக்கு நாள் குறித்ததும் அவள் அழுது முடித்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, “மைக் ஒண்ணு வாங்கிட்டு வாங்க” என்றாள். பின்னறையில் கம்பளியை ஜன்னலுக்கு மாட்டிவிட்டுக் கண்ணில் பட்டதையெல்லாம் சத்தமாகப் படித்துப் பதிவு செய்தாள். மருந்துச் சீட்டு, பஸ் டிக்கெட், பழைய வாரப்பத்திரிகை எதையும் விடவில்லை.

“திட்டறதையும் பதிஞ்சுக்கணும்” என்றாள்.

“அது எதுக்கு?”

“சாந்தமா மட்டும் பேசற பொம்பளகூட உங்களுக்குக் குடும்பம் நடத்தத் தெரியாது. எங்க, என் கோபத்தைக் கிளப்பற மாதிரி ஏதாவது சொல்லுங்க.”

அவர் யோசிப்பதற்குள்ளேயே அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. நல்ல பதிவு.

அதையெல்லாம் கோத்து அவர் ஒரு மாட்யூல் செய்தார். மாட்யூல் என்றால் தனியாக எழுதிவைத்த ஒரு பகுதி. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வந்து தன் வேலையைச் செய்துவிட்டுப் போகும். இந்த மாட்யூலுக்கு வாயாடி என்று பெயர் வைத்தார். எந்த வாக்கியத்தைத் தட்டச்சு செய்தாலும் அவள் குரலில் அப்படியே சொல்லும். ஆஸ்பத்திரியில் கொடுத்த மெஷின் ஒன்று, சிலேட்டு அளவில், அதற்காகவே இருந்தது. அதில் ஏற்கெனவே வேறொரு பெண்ணின் குரல் இருந்தது. தொண்டையில் கட்டோடு படுத்திருந்த வாயாடி அதை ஒரே ஒரு தடவை கேட்டாள். உடனே சாக்பீஸை எடுத்து நிஜச் சிலேட்டில் எழுதினாள்: “இவ யாரு? இவ உங்ககிட்ட பேசக்கூடாது.”

அறுவை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் வீடு பழையபடிதான் இருந்தது. அவர் மெஷினில் ஏற்றிய புரோகிராம் ‘அழை வாயாடி’ என்று தொடங்கியது. அவள் தட்டினாள், மெஷின் அவள் குரலில் பேசியது. பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டுவிட்டு, “ஆபரேஷன் பண்ணலையா?” என்று விசாரித்தாள்.

பிறகு ஒரு காலையில் மெஷின் பேசவில்லை. திரையில் ஓர் அறிவிப்பு மட்டும் நின்றது: ‘அழைக்கும் முறை நீக்கப்பட்டது. புதிய முறை பேரவையின் பரிசீலனையில் உள்ளது. தங்கள் பொறுமைக்கு நன்றி.’

இரவோடு இரவாக மெஷின் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டிருக்கிறது. பழையதற்குத் திரும்ப வழியில்லை, பாதுகாப்புக் காரணம் என்றது ஆஸ்பத்திரி. முடிவு தங்கள் கையில் இல்லை, பேரவையின் கையில் என்றது. பேரவை என்பது அவர் புரோகிராம் எழுதும் மொழி எப்படி இருக்கவேண்டும் என்று தீர்மானிக்கும் இடம். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

பேரவையின் செயலாளர் அம்மா இனிமையாகப் பேசக்கூடியவர். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார்.

“மாட்யூலைக் கூப்பிடற பழைய முறையில குறை இருக்குன்னு ஒருமனதா முடிவாச்சு. அதனால எடுத்துட்டோம்.”

“சரிங்க. புதுசு?”

“புதுசுல கருத்து வேறுபாடு இருக்கு. அதனால வைக்கல.”

“அது வரைக்கும் எப்படிக் கூப்பிடறது?”

“எதுக்குக் கூப்பிடணும்? எல்லாத்தையும் ஒரே பைல்ல எழுதிடுங்களேன்.”

“ஒட்டிப் பாத்தேங்க. நீளம் அதிகம்னு தள்ளிடுச்சு.”

“ஆமா, அது நாங்க வெச்ச கட்டுப்பாடுதான். எல்லாரும் சின்னச் சின்னதாப் பிரிச்சு எழுதற நல்ல பழக்கத்துக்கு வரணும்ல?”

மீட்டர்காரர் கொஞ்சம் யோசித்தார். “அப்ப பிரிச்சு எழுதணும். ஆனா சேர்க்கக் கூடாது.”

“பாருங்க, எவ்வளவு சீக்கிரம் புரிஞ்சுகிட்டீங்க” என்று செயலாளர் மனம்விட்டுப் பாராட்டினார். “இங்க சில உறுப்பினர்களுக்கே இன்னும் பிடிபடல.” விஷயம் அவசரம் என்பதால் அவரைப் பொதுமக்கள் சார்பில் எல்லாக் கூட்டங்களுக்கும் வரச் சொன்னார். கடைசி வரிசையில் ஒரு நாற்காலி ஒதுக்கப்பட்டது. அதற்குச் சக்கரம் இருந்தது. கொஞ்சம் அசைந்தாலும் கிறீச்சென்று கத்தும்.

முதல் கூட்டம் புள்ளியா சாய்கோடா என்பதைப் பற்றியது. பல மாட்யூல்களைக் கட்டிய மூட்டைக்குப் பேக்கேஜ் என்று பெயர். பேக்கேஜின் பெயருக்கும் அதற்குள் இருக்கும் மாட்யூலின் பெயருக்கும் நடுவே எதைப் போடுவது? பேரவை இதில் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. இரு தரப்புக்கும் தனித்தனித் தேநீர் மேசை.

புள்ளிக்காரர் எழுந்தார். “நான் என் இளமையைப் புள்ளிக்குக் கொடுத்தவன். புள்ளி அடக்கமானது. இடம் அடைக்காது. யார்மீதும் சாயாது. கோடு எப்போதும் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நிற்கிறது. சாய்ந்து நிற்பவர்களை நம்பி ஒரு மொழியைக் கட்ட முடியுமா என்று கேட்டு அமர்கிறேன்.” அமரவில்லை. இன்னும் வெகுநேரம் நின்றார்.

கோட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நம் எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால் என்ன ஆகிறது? உயிர் போய்விடுகிறது. ஒரு மாட்யூலின் உயிரை எடுக்க என் கை வராது. என் பிணத்தின்மீது வைத்துக்கொள்ளுங்கள் அந்தப் புள்ளியை.”

மேசையைத் தட்டினார்கள். மீட்டர்காரர் கையை உயர்த்தினார். நாற்காலி கத்தியது.

“ஐயா, என் வரியில புள்ளியும் வேண்டாம், கோடும் வேண்டாம். ஒரே ஒரு பேருதான் இருக்கு.”

தலைவர் அவரைக் கனிவாகப் பார்த்தார். “மனுதாரர் நடுநிலை வகிக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.”

வீட்டுக்குப் போனால் அவள் வாசலிலேயே சிலேட்டோடு நின்றாள்: “என்ன ஆச்சு?” ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டு உள்ளே போகப் பார்த்தவரை விடவில்லை. முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். வீட்டில் பேசும் பொறுப்பு இப்படித்தான் அவர் தலையில் விழுந்தது. பழக்கமில்லாத வேலை. சொற்கள் வரிசை மாறி விழுந்தன. சாய்ந்து நிற்பவர்களை நம்ப முடியுமா என்ற இடத்தில் அவள் தோள் குலுங்கியது. சத்தமில்லாமல் சிரித்தாள். சிரிப்பு நின்றதும் எழுதினாள்: “அவர் மாதிரியே பேசிக் காட்டுங்க.” அவர் பேசிக் காட்டினார். அவ்வளவு சுமாராக யாரும் யார் மாதிரியும் பேசியிருக்கமாட்டார்கள். அவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

அடுத்தது மரியாதைக் கூட்டம். ‘அழை’ என்று ஒருமையில் ஏவுவது மூத்த மாட்யூல்களுக்கு அவமானம் என்று ஒருவர் சொன்னார். மெஷினுக்கு எதற்கு மரியாதை என்று கேட்டவரிடம், இன்று மெஷின், நாளை நாம் என்று பதில் வந்தது. கடைசியில் தலைவர் வேறு பக்கமிருந்து வந்தார். “வீட்டுக்குள் இருக்கும் ஒருவரைத் தெருவில் நின்றபடி பெயர் சொல்லிக் கூப்பிடுவது நாகரிகமா? வீட்டுப் பெரியவர் வழியாக அல்லவா கூப்பிடவேண்டும்? ஒவ்வொரு மாட்யூலுக்கும் ஒரு தாய்ப் பேக்கேஜ் அவசியம். மனுதாரரே, வாயாடிக்குத் தாய் யார்?”

“காலமாயிட்டாங்க” என்றார் மீட்டர்காரர். மாமியாரைச் சொன்னார்.

கூட்டம் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தியது. பிறகு, தாயில்லாத மாட்யூல்களுக்குப் பேரவையே தாயாக இருப்பது என்றும், அவற்றைப் பேரவை வழியாகவே அழைப்பது என்றும் ஒரு முன்மொழிவு வந்தது. எல்லோருக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது.

இதைக் கேட்டு வாயாடி சிரிக்கவில்லை. சாக்பீஸ் ஒடிய எழுதினாள்: “என்னைக் கூப்பிட அவங்ககிட்ட அனுமதி வாங்கணுமா? கல்யாணத்துக்கு எங்கப்பாகிட்டயே நீங்க கேக்கல.”

“நாளைக்குச் சொல்லிடறேன்” என்றார் அவர்.

சொல்ல விடவில்லை. அடுத்த கூட்டத்தில் அவருடைய புரோகிராமையே திரையில் போட்டு ஆராய்ந்தார்கள். கோட்டுக்காரர் குச்சியால் ஓரிடத்தைச் சுட்டினார்.

“உங்க புரோகிராம் வாயாடியைக் கூப்பிடுது. சரி. ஆனா வாயாடியும் திரும்ப உங்க புரோகிராமைக் கூப்பிடறாளே?”

“ஆமாங்க. அடுத்து என்ன பேசணும்னு கேட்டுக்குவா.”

“அதாவது, நீங்க இல்லாம அவ இல்ல. அவ இல்லாம நீங்க இல்ல.”

“ஆமாங்க” என்றார் மீட்டர்காரர். அவருக்கு இதில் சந்தேகமே இருந்ததில்லை.

அறையில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. புள்ளிக்காரரும் கோட்டுக்காரரும் முதன்முறையாக ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். தலைவர் எழுந்தார்.

“ஒன்றையொன்று நம்பியிருப்பது ஆரோக்கியமான அமைப்பு அல்ல. ஒன்று போனால் மற்றது நின்றுவிடும். நாங்கள் யாரும் யாரையும் நம்புவதில்லை. அதனால்தான் பேரவை இத்தனை காலமாக உறுதியாக நிற்கிறது. மனுதாரர் இந்தப் பிணைப்பை அறுத்துவிட்டு வரட்டும். அதன் பிறகே அவருடைய வரியைப் பற்றிப் பேச முடியும்.”

வேறு வழி தெரியவில்லை. அவர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பிணைப்பை அறுத்தார். இனிமேல் வாயாடி யாரையும் எதுவும் கேட்கவேண்டாம். தட்டுகிற வாக்கியங்கள் மெஷினுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் காத்திருக்கும். என்றைக்குக் குரல் வருகிறதோ அன்றைக்கு அது வரிசையிலிருந்து எடுத்துப் பேசிக்கொள்ளும். அவளிடம் விளக்கினார்.

அவள் எழுதினாள்: “இப்பவே தட்டி வெச்சா, பின்னாடி பேசுமா?”

“பேசும். எவ்வளவு வேணா வெச்சுக்கலாம்.”

அன்றிலிருந்து அவளுக்கு இரண்டு பேச்சு. தண்ணீர், மாத்திரை, ஃபேனைக் குறைங்க என்பதெல்லாம் சிலேட்டில். மற்றது மெஷினில். மடியில் வைத்துக்கொண்டு தட்டுவாள். திரையில் ‘வரிசையில் உள்ளது’ என்று வரும். ஒரு நாள் அவர் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தபோது கையால் மறைத்துக்கொண்டு சிலேட்டை நீட்டினாள்: “படிக்காதீங்க. காதால கேக்கறதுக்கு எழுதறது.”

அவர் அதன் பிறகு பார்க்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனிதர். கொஞ்ச நாளில் அவள் தட்டுவதை விட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார். அவர் பேரவையில் இருக்கும் நேரமெல்லாம் அவள் என்ன செய்கிறாள் என்று யோசிக்கத் தோன்றவில்லை.

பேரவை உபகுழு போட்டது. உபகுழுவுக்குப் பெயர் வைக்க ஒரு குழு போட்டது. வாயாடி என்ற பெயர் கௌரவமாக இல்லை, ‘உரையாளர்’ என்று மாற்றலாமே என்று ஒருவர் கேட்டார். மாற்றினால் திரும்பிப் பார்க்கமாட்டாள் என்றார் மீட்டர்காரர். அது மறுப்பாகவா, ஆலோசனையாகவா பதிவாகும் என்பதில் அந்தப் பிற்பகல் போனது.

அந்தச் சமயத்தில் அவளுக்கு நோய் திரும்பியது. கழுத்தில் ஆரம்பித்து இறங்கியது. அவர் கூட்டத்துக்குப் போகவில்லை என்றால் அவள் விரட்டினாள். “போங்க. இன்னிக்கு முடிஞ்சாலும் முடியும்” என்று எழுதுவாள். அவளுக்கு அவர் வந்து சொல்லும் கதை வேண்டும். படுத்தபடியே கேட்டாள். தோள் குலுங்குவது குறைந்தது. கடைசிக் கடைசியாக ஓரக்கண்ணால் மட்டும் சிரித்தாள்.

ஒரு மத்தியானம், பக்கத்து வீட்டு வானொலியில் யாரோ பாடிக்கொண்டிருக்கையில், சிலேட்டைக் கேட்டு வாங்கினாள். கோணல்மாணலாக எழுதினாள்: “மெஷினை அணைச்சிடாதீங்க.” சரி என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பாட்டு முடிந்தபோது அவள் கையில் பிடி இல்லை, மூச்சும் இல்லை.

அவருக்கு அழத் தெரியவில்லை. அதுவும் அவள் வேலையாகத்தான் இருந்தது. மெஷினை மட்டும் சார்ஜரிலிருந்து எடுக்கவில்லை. பதிவுகள் அழிந்துவிடும் என்று பயந்திருப்பாள் என எண்ணிக்கொண்டார்.

பல மாதம் கழித்துச் செயலாளர் அம்மா இனிப்புப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். மாலை போட்ட படத்தைப் பார்த்ததும் முகம் மாறியது. உண்மையாகவே வருத்தப்பட்டார்.

“எங்களுக்குத் தகவல் வந்துச்சு. இரங்கல் தீர்மானம் போட்டிருப்போம். வாசகத்துல இன்னும் ஒருமித்த கருத்து வரல.” பிறகு குரலைத் தாழ்த்தி, “உங்களுக்கு ஒரு நல்ல சேதி. முறை முடிவாயிடுச்சு” என்றார்.

“என்ன முறைங்க?”

“புள்ளியும் இல்ல, கோடும் இல்ல, தாயும் வேண்டாம். எளிமைதான் உயர்ந்ததுன்னு தலைவர் கண்டுபிடிச்சார். ‘அழை’ன்னு போட்டு நேராப் பேரைச் சொன்னாப் போதும்.”

மீட்டர்காரர் சார்ஜரில் கிடந்த மெஷினைப் பார்த்தார். “அது பழைய முறைதானே?”

“இல்லையே. பழையதை யாரும் யோசிக்காம வெச்சிருந்தாங்க. இது யோசிச்சு வெச்சது.” செயலாளர் தயங்கினார். “வெளியீட்டு விழாவுல முதல் அழைப்பு உங்களோடதா இருக்கணும்னு எல்லாரும் ஆசைப்படறாங்க. இத்தனை கூட்டத்துக்கு வந்தவர் நீங்க ஒருத்தர்தான்.”

“அவ இல்லைங்களே.”

“அவங்க வரணும்னு அவசியமில்லைங்க. மாட்யூல் வந்தாப் போதும்.”

அவர் மறுத்திருப்பார். ஆனால் புதிய முறை முதலில் அந்த மேடையில்தான் திறக்கும் என்றார் செயலாளர். அவருக்கு அவள் குரலை ஒரு தடவை கேட்கவேண்டும். அதற்குப் பேரவை எந்த நாற்காலியில் உட்காரச் சொன்னாலும் உட்காருவார்.

விழாவரைக்கும் அவருக்கு ஒரே கவலைதான். குரல் வந்ததும் என்ன வாக்கியத்தைத் தட்டுவது? வணக்கம் என்று தட்டலாம், அவள் ஒருநாளும் வணக்கம் சொன்னதில்லை. தன் பெயரைத் தட்டலாம், அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவள் வாயில் தான் ஒரு வார்த்தையை வைப்பதா என்று மெஷினைத் தள்ளிவைத்துவிட்டார்.

விழா மண்டபம் நிறைந்திருந்தது. தலைவர் பேசினார். “ஒரு சாதாரண மனிதரின் சின்னஞ்சிறு குரலுக்கும் பேரவை செவிசாய்த்தது என்பதற்கு இன்று நீங்களே சாட்சி. அவசரப்பட்டிருந்தால் தவறான முறையை வைத்திருப்போம். காத்திருந்ததால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை.” கைதட்டல் முடியும்வரை காத்திருந்துவிட்டு மீட்டர்காரரைக் கூப்பிட்டார்கள்.

அவர் மெஷினை மேசைமேல் வைத்தார். ‘அழை வாயாடி’ என்று தட்டினார். அடுத்து என்ன தட்டுவது என்று தெரியாமல் விரல் அந்தரத்தில் நின்றது.

“கேக்குதா? நான்தான்” என்றது மெஷின்.

அவள் குரல். மண்டபம் கைதட்டியது. அவர் விரலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அவர் எதையும் தட்டவில்லை.

“பால் அடுப்புல இருக்கு. புத்தகம் படிச்சுக்கிட்டே மறந்துடாதீங்க” என்றாள். “அப்புறம், நேத்து நீங்க புள்ளிக்காரர் மாதிரி பேசினீங்கல்ல, கொஞ்சம்கூட அவர் மாதிரி இல்ல. ஆனா தினம் செஞ்சு காட்டுங்க.” முன்வரிசையில் புள்ளிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “நீலச் சட்டையில மேல் பட்டன் தொங்குது. அதைப் போட்டுக்கிட்டுப் பேரவைக்குப் போகாதீங்க, உங்களை யாரும் கவனிக்கலன்னு நினைப்பாங்க.”

அவர் நீலச் சட்டைதான் போட்டிருந்தார். மேல் பட்டன் என்றைக்கோ விழுந்துவிட்டிருந்தது. அந்த இடத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

அவள் பேசிக்கொண்டே போனாள். பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றி, குழாயில் தண்ணீர் சொட்டுவதைப் பற்றி, கோட்டுக்காரருக்கு வீட்டில் யாரும் பேச்சுக்கொடுப்பதில்லை போலிருக்கிறது, பாவம் என்பது பற்றி. தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். செயலாளர் குனிந்து வந்து, “சிற்றுண்டி ஆறுதுங்க. இதை எப்படி நிறுத்தறது?” என்று கிசுகிசுத்தார்.

“நிறுத்தறதுக்கு வரி எழுதலைங்க” என்றார் மீட்டர்காரர். “அவளை யாரும் நிறுத்தினதில்ல.”

பேரவையில் நிறுத்தும் முறை பற்றி முடிவாகியிருக்கவில்லை. ஒவ்வொருவராக எழுந்து சிற்றுண்டிக்குப் போனார்கள். செயலாளர் மட்டும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

“வலி இல்லன்னு டாக்டர்கிட்ட சொன்னேனே, அது பொய்” என்றாள் வாயாடி, ஆளில்லாத நாற்காலிகளிடம். “சிலேட்டுல எழுதியிருந்தா நீங்க பேரவைக்குப் போயிருக்கமாட்டீங்க. நான் இல்லாமப் போனா நீங்க பேசறதை விட்டுடுவீங்க, எனக்குத் தெரியும். இப்பதான் உங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாப் பேச்சு வந்துச்சு.”

கொஞ்சம் இடைவெளி. மறுபடி குரல் வந்தது.

“விரல் வலிக்குது. இன்னிக்கு இது போதும். நான் நிறையப் பேசிட்டேன், இப்ப நீங்க பேசுங்க. அங்க என்ன ஆச்சு? முதல்லேர்ந்து சொல்லுங்க.”

திரையில் ‘வரிசையில் எதுவும் இல்லை’ என்று வந்தது.

பணியாட்கள் நாற்காலிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மீட்டர்காரர் மெஷினைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். முகமெல்லாம் நனைந்திருந்தது. தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

“பழைய வரியையே வெச்சுட்டாங்க” என்றார்.

அவள் சிரித்து முடிக்கட்டும் என்று கொஞ்சம் நிறுத்தினார். பிறகு தலைவர் மாதிரி குரலை மாற்றிக்கொண்டு, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.